கையில்தான் கோளாறு

பதினேழாவது ஸ்லைடு வந்தபோதே தாணுலிங்கத்துக்கு மூத்திரம் முட்டத் தொடங்கிவிட்டது. மொத்தம் நாற்பத்திரண்டு ஸ்லைடு. பி.எச்டி. வாய்மொழித் தேர்வான இந்த வைவாவின் கன்வீனர், மேடையில் பேசிக்கொண்டிருக்கிற பெண்ணின் வழிகாட்டி, போதாக்குறைக்கு வேதியியல் துறையின் தலைவர், இத்தனை தொப்பியையும் ஒரே தலையில் போட்டுக்கொண்டவர் நடுவில் எழுந்து போனால் நன்றாகவா இருக்கும்? எழுந்து போனாலும் போகலாம், போய்விட்டு வருகிற அந்த மூன்று நிமிஷத்தில் எவனாவது ஏதாவது கேட்டுத் தொலைத்தால்? கேட்டால் அவள் சொல்லிவிடுவாள். நேற்று சாயங்காலம் அவருடைய அறைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே அதைத்தானே சொன்னாள். "சார், யாராவது கேட்டா உள்ளதைச் சொல்லிருவேன். யாரும் கேக்கலைன்னா நானா வாயைத் திறக்க மாட்டேன். அவ்வளவுதான் சார் என்னால முடியும்." என்ன பேச்சு இது? ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்தவள் பேசுகிற பேச்சா? கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறவள் மாதிரியல்லவா பேசுகிறாள்? மைக்குக்கு முன்னால் இப்போது நிற்கிறாள் பாருங்கள், கொ. இசக்கியம்மாள், மாம்பழக் கலர் பட்டுச்சேலை, கையில் பச்சை வெளிச்சம் அடிக்கிற பேனா. அந்தப் பேரையே மாற்றிக்கொள் என்று அவர் முதல் வருஷமே சொன்னார், வெளிநாட்டுப் பத்திரிகையில் அச்சாகும்போது வாயில் நுழையாது, இசை என்று வைத்துக்கொள்ளேன் என்றார். எங்க சாமி பேரு சார் என்று சிரித்தாள். அப்போதே தெரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே மாட்டேன் என்கிறவர்களை லேபில் சேர்க்கவே கூடாது.

அவருக்கு வலப்பக்கம் வெளியூர்த் தேர்வாளர் எத்திராஜுலு, சென்னையிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கியவர், கன்னத்தில் கையை முட்டுக்கொடுத்துக் கண்ணை மூடி ஆழ்ந்து கவனித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் போனால் குறட்டையே வரும். வரட்டும், நல்லது. எத்திராஜுலுவிடம் ஆய்வு செய்கிற பையன் ஒருவனுடைய தீசிஸ் தாணுலிங்கத்தின் வீட்டு மேஜையில் இரண்டு மாதமாகக் கிடக்கிறது, அதற்கு இவர் இன்னும் அறிக்கை அனுப்பவில்லை, ஏன் அனுப்பவில்லை என்று எத்திராஜுலுவுக்கும் தெரியும். ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து பயமில்லை. பயம் எதிரில் உட்கார்ந்திருக்கும் அறுபது எழுபது பேரிடம்தான். பொது வைவா என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம், எந்தப் புண்ணியவான் இந்த விதியை எழுதினானோ. அதற்காகத்தான் காலையிலேயே மூன்று துண்டுச்சீட்டில் மூன்று கேள்வி எழுதி ஜூனியர்கள் மூன்று பேர் கையில் கொடுத்துவிட்டார். இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, எல்லாத் துறையிலும் நடக்கிறதுதான், கேள்வியே வராவிட்டால் வைவா அழுதுவடியும். மூன்று கேள்வி முடிந்ததும் நேரமாயிற்று என்று மணிக்கட்டைப் பார்த்தால் தீர்ந்தது. பின்வரிசையில் அடுக்கிவைத்திருந்த டிபன் பெட்டிகளிலிருந்து சமோசா வாசனை வந்துகொண்டிருந்தது. சமோசா வாசனைக்கு முன்னால் எந்த விஞ்ஞானியும் நாலாவது கேள்வி கேட்கமாட்டான். முப்பது வருஷ அனுபவம்.

திரையில் அந்தப் படம் வந்தது. அவருடைய படம். நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து கிளை, கிளைக்கு இரண்டு கிளை, அந்த இரண்டும் நாலாகி, நாலு எட்டாகி, கடைசியில் பூத்த வேப்பங்கொத்தைப் பந்தாகச் சுருட்டிவைத்தது போல ஒரு உருண்டை. கிளை பாலிமர். ஒவ்வொரு சுற்றுக் கிளைக்கும் தலைமுறை என்று பெயர், ஒரு தலைமுறை வளர்க்க இரண்டு வாரம், நாலாம் தலைமுறைக்குள் இடுக்கு இடுக்காக இடம் இருக்கும், அந்த இடுக்கில் மருந்தை ஒளித்து உடம்புக்குள் அனுப்பலாம். உலகம் முழுக்க அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். தாணுலிங்கம்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் புதிதாக ஒன்றைச் சொன்னார். மருந்தே வேண்டாம், அவருடைய உருண்டையே போதும், அது புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறது, நல்ல செல்லைத் தொடுவதில்லை. ஒரே ஒரு கட்டுரை, எட்டே பக்கம். அதற்கப்புறம் அவர் பஸ்ஸில் ஏறவில்லை. ஒசாகாவுக்குக் கூப்பிட்டார்கள், அங்கே மேடையில் கழுத்தில் அட்டை தொங்க நின்றபோது முதல் வரிசையில் இருந்த ஜப்பான்காரக் கிழவர் ஒருவர் எழுந்து நின்று குனிந்தார். அந்தக் குனிவை அவர் எத்தனை ராத்திரி நினைத்துப் பார்த்திருக்கிறார், மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் அவள் சின்னதாக்கிவிடுவாள். துறைத்தலைவர் பதவி, மாநில விருது, இப்போது நெஞ்சுக்கு முன்னால் இருக்கிற இந்தப் பித்தளைப் பெயர்ப்பலகை, எல்லாம் அந்த எட்டுப் பக்கத்தில் முளைத்தவை. எல்லாமே ஒரு தெர்மோகோல் பெட்டியில் முளைத்தவை என்று சொன்னால் இன்னும் சரி. நினைக்காதே. அந்தப் பெட்டியை நினைக்காதே, ஸ்லைடைப் பார், இருபத்திரண்டு, கீழே எழுத்து சின்னதாக இருக்கிறது, எத்தனை தடவை சொன்னேன் எழுத்தைப் பெரிதாகப் போடு என்று.

பெட்டியை அவரேதான் கட்டினார். அதுதான் முள்ளாகக் குத்துகிறது. அப்போது லேபில் இருந்தவன் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போயிருந்தான், புற்றுநோய்ச் செல் வைத்திருந்த வெளியூர் லேப்காரர்கள் சாம்பிள் எங்கே சாம்பிள் எங்கே என்று போன்மேல் போன், இவர் ஃப்ரிட்ஜைத் திறந்து நாலாம் தலைமுறை என்று எழுதியிருந்த பாட்டிலை எடுத்து, பாதியை ஒரு குப்பியில் ஊற்றி, ஐஸ் பை வைத்து, பழுப்பு டேப்பைப் பல்லால் கடித்து ஒட்டி, கூரியரில் போட்டார். கையால் பாட்டில் கழுவிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது அவருக்கு. இந்தப் பாலிமரை மெத்தனாலில் கரைத்துத்தான் ஃப்ரிட்ஜில் வைப்பார்கள், வெளியே அனுப்புமுன் மெத்தனாலை ஓட்டி உலர்த்திப் பொடியாக்கித்தான் அனுப்ப வேண்டும், எம்.எஸ்சி. படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். மெத்தனால், கள்ளச்சாராயத்தில் கலந்தால் ஊரே சாகுமே, கண் போகுமே, அதே மெத்தனால். அதைப் போய் புற்றுநோய்ச் செல்மேல் ஊற்றினார்கள். செத்தது. சாகாமல் என்ன செய்யும்? அடுத்த வருஷம் நல்ல செல்லுக்கு அனுப்பியபோது லீவிலிருந்து வந்தவன் ஒழுங்காக உலர்த்திப் பொடியாக அனுப்பினான். ஒன்றும் சாகவில்லை. கெட்டதைக் கொல்லும், நல்லதைக் காக்கும். சாமியே செய்யாத வேலையை இவருடைய உருண்டை செய்தது. அப்போது அவருக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது, அந்த ஒன்றை மட்டும் எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்வார். தெரிந்தது பிறகுதான். எப்போது என்பதைத்தான் யோசிக்கக் கூடாது. எத்திராஜுலு ஒரு தரம் தலையைத் தூக்கி "வெரி குட்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கன்னத்தைக் கையில் வைத்துக்கொண்டார். இருபத்தெட்டாவது ஸ்லைடு. கால்மேல் கால் போட்டுப் பார்த்தார், அது இன்னும் மோசம்.

இசக்கியம்மாள் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு மழைநாளில், முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரன் ஒருவன் மெயில் அனுப்பியிருந்தான். உங்கள் பாலிமர் எங்களிடம் எதையும் கொல்லவில்லை, நீங்கள் எதில் கரைத்தீர்கள் என்று தயவுசெய்து சொல்ல முடியுமா? தயவுசெய்து என்று மூன்று இடத்தில் போட்டிருந்தான். எல்லாரும் வீட்டுக்குப் போனபிறகு தாணுலிங்கம் லேபுக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, அனுப்பியது போக மிச்சம் இருந்த பாட்டிலைத் தேடி எடுத்து, மூடியைத் திருகி மோந்து பார்த்தார். அந்த வாசனை. மூக்கு வழியே ஏறி அடிவயிறு வரைக்கும் போன வாசனை. அதைச் சாக்கடையில் ஊற்றியிருந்தால் இன்றைக்கு இப்படி மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஏன் ஊற்றவில்லை? இந்த ஐந்து வருஷத்தில் தினம் ஒரு தடவையாவது கேட்டுக்கொண்ட கேள்வி. பயமா, சோம்பலா, ஒசாகாக் கிழவர் குனிந்ததை ஊற்றுவது போல இருந்ததா? மூடி போட்டு ஃப்ரிட்ஜின் பின்மூலையில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போய் இரண்டு தோசை சாப்பிட்டார். மெயிலுக்குப் பதில் போடவில்லை. மறுநாள் காலையில் இசக்கியம்மாள் தன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "சார், நான் செஞ்ச பாலிமரை மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன், செல் ஒண்ணுமே சாக மாட்டேங்குது சார்" என்றாள். அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. "உன் கையிலதான் கோளாறு" என்றார். எவ்வளவு லேசாக வந்தது அந்த வாக்கியம். யோசித்து வைத்திருந்தால்கூட அவ்வளவு லேசாக வந்திருக்காது. "அஞ்சாறு வருஷமா உலகம் ஒத்துக்கிட்டதை உன் கை ஒத்துக்க மாட்டேங்குது. திரும்பச் செய்."

திரும்பச் செய்தாள். முதல் தலைமுறையிலிருந்து நாலாம் தலைமுறை வரை இரண்டு மாதம், செல் சோதனைக்கு ஒரு மாதம், வராது, வந்து நிற்பாள், கையில்தான் கோளாறு, போ, திரும்பச் செய். ஐந்து வருஷம் இப்படி ஓடியது. லேபில் மற்ற பிள்ளைகள் அவளிடம் கண்ணாடிச் சாமான் கொடுக்கவே தயங்கினார்கள், இசக்கி அக்கா கைபட்டால் விளங்காது என்று அவர் காதுபடவே பேசிக்கொண்டார்கள், அவர் அதைத் தடுக்கவில்லை, அதில் ஒரு சௌகரியம் இருந்தது. ஒருநாள், "சார், கை நடுங்குதான்னு நரம்பு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தேன். ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க" என்று இரண்டு கையையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். பத்து விரலும் அசையாமல் நின்றன. சுண்டுவிரல் நகத்தில் ரசாயனம் பட்டு மஞ்சளாகியிருந்தது. அவருக்கு அந்த நிமிஷம் ஏதோ செய்தது என்பது உண்மைதான். ஆனால் என்ன செய்தது என்று நின்று பார்க்குமுன் அவர் வாய் முந்திக்கொண்டது. "டாக்டருக்கு நடுக்கம்தான் தெரியும், கவனக்குறைவு தெரியாது." அவள் கையை இறக்கிக்கொண்டாள். அந்த வருஷம் அவளுக்குப் பார்த்திருந்த வரன் தட்டிப்போனது, இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பாள் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்களாம். அதற்கு அவரா பொறுப்பு? அவரைக் கேட்டால், ஜாதகம் சரியில்லை என்பார். அவருடைய வழிகாட்டி அவரை என்னவெல்லாம் செய்தார், பெண்டாட்டியின் வளைகாப்புக்கு லீவு கேட்டதற்கு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதையெல்லாம் அவர் தாங்கவில்லையா, தாங்கித்தானே ஆளானார்? முப்பத்தாறாவது ஸ்லைடு. முன்வரிசை ஓரத்தில் அவளுடைய அப்பா கொம்பையா, மினிபஸ் ஓட்டுகிறவர், மடிப்புக் கலையாத புது வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து மகள் பேசுகிற இங்கிலீஷுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை புரியாது. அவ்வளவு பலமாகத் தலையாட்டுகிறவர்களைக் கண்டால் தாணுலிங்கத்துக்கு எரிச்சல் வரும்.

பாட்டிலை அவள் கண்டுபிடித்தது போன நவம்பரில். ஃப்ரிட்ஜ் பழுதாகி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தபோது பின்மூலையிலிருந்து வந்தது. மோந்து பார்த்திருக்கிறாள். அன்றைக்கே பாலிமர் எதுவும் போடாமல் வெறும் மெத்தனாலை மட்டும், அதே அளவில், செல்மேல் ஊற்றிப் பார்த்திருக்கிறாள். ஓடிவந்தாள். மூச்சு வாங்க, முகமெல்லாம் பளபளவென்று, ஜெயித்தவள் மாதிரி வந்தாள், அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. "சார்! என் கையில ஒண்ணும் இல்ல சார்! மெத்தனால்தான் சார் கொல்லுது! பாலிமர் ஒண்ணுமே பண்ணலை!" அவர் பேனா மூடியைப் போட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், உட்கார் என்றார். பிறகு நிதானமாகச் சொன்னார். டிசம்பரோடு உன் ஏழு வருஷம் முடிகிறது. முடிந்தால் பதிவு ரத்து. புதுசாக ஒரு தீசிஸ் எழுத உனக்கு நேரமில்லை. அந்தப் பழைய பாட்டிலில் இருக்கிற மாதிரியே உன் பாலிமரை மெத்தனாலில் கரைத்து ஊற்று, வருகிற எண்ணை எழுது, சமர்ப்பி. "பொய் சொல்லச் சொல்லல. வந்ததைத்தானே எழுதப்போற?" அவள் ஒரு வாரம் லேபுக்கு வரவில்லை. எட்டாம் நாள் வந்து எழுதிக் கொடுத்தாள். அன்று அவர் நிம்மதியாகத் தூங்கினார். எல்லாரையும் போலத்தான் இவளும் என்று தெரிந்துகொண்ட தூக்கம் அது. அப்படி எழுதிக் கொடுத்தவளுக்கு நேற்று என்ன திடீர் ஞானம்? கேட்டால் சொல்லுவாளாம். சரி, கேட்கத்தான் ஆள் வேண்டுமே. நாற்பத்திரண்டு. நன்றி ஸ்லைடு, அப்பா படம், அவர் படம், கும்பிட்ட கைகள். கைதட்டல்.

எத்திராஜுலு கண்ணைத் திறந்து, தீசிஸைப் புரட்டி, நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் கமா ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்றார். வெப்பநிலையை ஏன் முப்பதுக்குக் கீழ் வைத்தீர்கள் என்றார். அவள் சொன்னாள். போதும் என்றார். பார்வையாளர் கேள்வி. முதல் சீட்டு எழுந்தது. தலைமுறை என்றால் என்ன, கொஞ்சம் விளக்க முடியுமா? விளக்கினாள். இரண்டாவது சீட்டு. இந்தப் பாலிமர் தண்ணீரில் ஏன் நன்றாகக் கரைகிறது? சொன்னாள். மூன்றாவது, எதிர்காலத்தில் இதை எங்கெல்லாம் பயன்படுத்தலாம்? இந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் தேய்ந்தது, ஆனாலும் சொன்னாள். தாணுலிங்கத்துக்குத் தோள் இறங்கியது, அடிவயிறுகூடக் கொஞ்சம் இளகிக்கொடுத்தது. மணிக்கட்டைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து நாலாவது வரிசையில் நரைத்த தலை ஒன்று எழுந்து நின்றது. வின்சென்ட். தனியார் கல்லூரி வாத்தியார், நாற்பத்தெட்டு வயதில் பகுதிநேரமாக இவரிடமே பி.எச்டி. செய்கிறவன், இவரைக் கண்டால் வராண்டாவில் சுவரோடு ஒட்டி வழிவிடுகிறவன். கையில் ஒரு துண்டுச்சீட்டு. மூன்று சீட்டுத்தானே கொடுத்தேன்? வின்சென்ட் எழுத்துக்கூட்டுவது போல வாசித்தான். "வெறும் மெத்தனாலை மட்டும் செல்மேல் ஊற்றிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் என்ன ஆயிற்று?" வாசித்துவிட்டு உட்கார்ந்தான். சீட்டின் பின்பக்கம் இங்கிருந்தே தெரிந்தது, அவளுடைய லேப் நோட்டிலிருந்து கிழித்த ஊதாக் கட்டம் போட்ட தாள். யாராவது கேட்டால் என்றாளே! கேட்க அவளே ஆள் வைத்துவிட்டாளே! தாணுலிங்கத்துக்கு முதலில் வந்தது பயம்கூட இல்லை, ஆத்திரம். இப்படியா ஏமாற்றுவது ஒரு மனுஷனை? சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா?

"பாத்தேன்" என்றாள் இசக்கியம்மாள். இங்கிலீஷை விட்டுவிட்டாள். "தீசிஸ்ல அது இல்ல. நவம்பர்ல பாத்தேன். வெறும் மெத்தனாலே அதே அளவு செல்லைக் கொல்லுது. பாலிமரை உலர்த்திப் போட்டா ஒண்ணுமே சாகல. அப்படின்னா இந்தப் பாலிமர் புற்றுநோயை ஒண்ணும் செய்யாது. எங்க லேபோட பழைய பேப்பரும் தப்பு, என் தீசிஸும் தப்பு." மைக் ஒரு தடவை கீச்சிட்டது. அவள் நிறுத்தவில்லை. "இதை நம்பி வேற வேற ஊர்ல பிள்ளைங்க செஞ்சு பாத்துட்டு இருக்காங்க. வராது. வரலைன்னா தங்களோட கையைத்தான் குறை சொல்லிட்டு இருப்பாங்க. அவங்களுக்குத் தெரியணும்னுதான் சொல்லுதேன்." அவ்வளவுதான். எழுபது முகமும் அவரைப் பார்த்தன. ஒசாகாக் கிழவர் நிமிர்ந்துவிட்டார். பெயர்ப்பலகையில் எழுத்தே இல்லை. நாளைக்குப் பத்திரிகைக்காரன் வருவான், அடுத்த அறைக்காரன் பல்லைக் காட்டுவான், மனைவி ஒன்றும் சொல்லாமல் தட்டை வைப்பாள், எழுந்து கத்தலாமா, மயக்கம் போட்டு விழலாமா, இவளுக்கு மனநிலை சரியில்லை, நரம்பு டாக்டரிடம் போனவள் என்று சொல்லிவிடலாமா, சொன்னால் நம்புவார்களா? அப்போதுதான் கொம்பையா கண்ணில் பட்டார். தமிழில் பேசியும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள் என்னவோ உருக்கமாகச் சொல்லுகிறாள் என்று மட்டும் தெரிந்து, கண் கலங்கி, அதே பலத்தோடு தலையாட்டிக்கொண்டிருந்தார். தாணுலிங்கம் அந்தத் தலையையே பார்த்தார். வழி அங்கே இருந்தது.

எழுந்து நின்று கைதட்டினார். ஒற்றை ஆளாக, நிதானமாக, ஐந்தாறு தட்டு. பிறகு மைக்கை இழுத்தார். "இதுதான் ஆராய்ச்சி! முப்பது வருஷமா நான் தேடின மாணவி இவதான். தன் வேலையைத் தானே சந்தேகப்படற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கு சொல்லுங்க? தன் தீசிஸையே தப்புன்னு சொல்ற தன்னடக்கம் யாருக்கு வரும்? எங்க லேப்ல நான் சொல்லிக் கொடுத்தது பாலிமர் இல்லை, இந்த நேர்மை. இவ எழுப்பின இந்தக் கேள்வியை அடுத்த பேட்ச் எடுத்துச் செய்யும்." சொல்லச் சொல்ல அவரே அதை நம்பினார், அது நடிப்பில்லை, அவருக்கு எப்போதுமே தன் குரலைக் கேட்டால் நம்பிக்கை வந்துவிடும். "இல்ல சார், நான் தன்னடக்கத்துக்குச் சொல்லல" என்று அவள் மைக்குக்கு வந்தாள். அதற்குள் முன்வரிசை தட்ட ஆரம்பித்துவிட்டது, முன்வரிசை தட்டினால் பின்வரிசை தட்டும், கொம்பையா எழுந்து நின்றே தட்டினார். "சார், நான் நெசமாத்தான்..." என்று அவள் உதடு அசைந்தது தெரிந்தது. எத்திராஜுலு கண்ணாடிக்குள் விரலை விட்டுத் துடைத்துக்கொண்டு, "என்னா ஒரு ஹானஸ்டி! இந்த மாதிரி ஸ்டூடன்ட் கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும் சார்" என்று சொல்லி, மேஜைமேல் தயாராக இருந்த தாளை எடுத்து வாசித்தார். பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன். வின்சென்ட் மட்டும் தட்டவில்லை. தாணுலிங்கம் அதையும் குறித்துக்கொண்டார்.

கூட்டம் டிபன் பெட்டிக்கு நகர்ந்தது. அவர் அவசரமாகக் கழிவறைக்குப் போய்விட்டு, முகம் கழுவி, புது மனிதராக வந்தபோது அவள் மேஜைக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள். வைவாவில் கேட்டதும் சொன்னதும் எழுதிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புகிற படிவம் அவர் கையில்தான் இருந்தது. நாலாவது கேள்விக்கு நேரே, திருப்திகரமாக விடையளித்தார் என்று எழுதியிருந்தார். அவள் அதைத் தலைகீழாகவே வாசித்தாள். "நான் சொன்னதை எழுதுங்க சார்." அவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகினார். "நான் யுனிவர்சிட்டிக்கு எழுதுவேன் சார். அந்தப் பத்திரிகைக்கும் எழுதுவேன்." அவருக்குக் கோபமே வரவில்லை. இந்த ஏழு வருஷத்தில் அவளிடம் இவ்வளவு மெதுவாக அவர் பேசியதே இல்லை. "தாராளமா எழுது. இனிமே பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டு எழுது. எந்தத் தீசிஸுக்குக் கிடைச்ச டாக்டர்னு கேப்பாங்க. அதே எண், அதே பாட்டில், உன் கையெழுத்து. என் பேப்பர் தப்புன்னா உன் பட்டமும் போச்சு." கொஞ்சம் குனிந்தார். "போறது பெரிசில்ல. அதை உங்க அப்பாகிட்ட யார் சொல்லுறது? நீயா, நானா?" அவள் திரும்பிப் பார்த்தாள். கொம்பையா யாரோ ஒருவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வம்சத்துலயே மொத டாக்டருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இவர்களைப் பார்த்துவிட்டு, கையில் பாலிதீன் உறை பிரிக்காத பொன்னாடையோடு வேகமாக வந்தார். கும்பிட வந்த கை பொன்னாடையோடு சேர்ந்து தடுமாறியது. "சாரு மட்டும் இல்லைன்னா எம்பிள்ளை இந்த எடத்துல நிக்குமா? ஏழு வருசம் எப்படியெல்லாம் பாத்திருக்கீய. நான் போத்தக் கூடாது, ஏ புள்ள, நீதான் சாருக்குப் போத்தணும்." அவள் நின்றாள். "வாங்கும்மா" என்றார் அப்பா. உறையைக் கிழித்து உதறி அவரே அவள் கையில் கொடுத்தார். போட்டோக்காரன் இன்னும் கொஞ்சம் கிட்ட நிற்கச் சொன்னான். தாணுலிங்கம் வசதியாகத் தலையைக் குனிந்து கொடுத்தார். போர்த்தினாள். வலது தோளில் ஜரிகை மடங்கிச் சரிந்தது. போட்டோவில் கோணலாக விழும் என்று போட்டோக்காரன் சொன்னதும், இசக்கியம்மாள் கையை நீட்டி, அதை இழுத்து நேராக்கிவிட்டாள்.